சஞ்சியும் முறியும் கங்காணியும்: 'இன்டெஞ்சர்டு' என்னும் ஆங்கில அடைமொழியும் சி ரூசாத் தோட்டத் தமிழர் வரலாறும்

முன்னுரை

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் போர்ட்டிக்சன் மாவட்டத்தில் கடற்கரையை ஒட்டி அமைந்த முக்கிம்களுள் ஒன்று சி ரூசா. கடற்கரை விடுதிகளால் இன்று பலரும் அறிந்த இப்பகுதியின் உட்புறம், இரப்பர்த் தோட்டங்களால் உருவான நிலமாகும். ஆதர்டன், சுங்காலா, சுவா பெத்தோங் எனத் தோட்டங்களின் பெயரையே தம் பெயராகக் கொண்ட தமிழ்ப்பள்ளிகள் இம்மாவட்டத்தில் உள்ளமை அவ்வரலாற்றுக்குச் சான்றாகும்.

இப்பகுதித் தோட்டக் குடும்பங்களின் வாய்மொழி வரலாற்றைத் திரட்டச் சென்றபோது, எண்பது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவரைச் சந்தித்தோம். "எங்க அப்பா ரஜூலா கப்பல்ல ஒப்பந்தக் கூலியா வந்தவரு" என்று அவர் கூறினார். உடனிருந்த அவருடைய பேரப்பிள்ளைகளும் அதனை வழிமொழிந்தனர். இக்கூற்றில் ஒரு சிக்கல் உள்ளது. பிரிட்டிஷ் இந்தியா கப்பல் நிறுவனத்தின் ரஜூலா 1926ஆம் ஆண்டில்தான் கட்டப்பட்டது. மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியரைக் கொண்டுவரும் முறையோ 1910ஆம் ஆண்டிலேயே நிறுத்தப்பட்டது. எனவே அவருடைய தந்தையார் ரஜூலாவில் வந்திருந்தால் ஒப்பந்தக் கூலியாக வந்திருக்க இயலாது. ஒப்பந்தக் கூலியாக வந்திருந்தால் ரஜூலாவில் வந்திருக்க இயலாது.

இம்முரண் அம்மூதாட்டியின் நினைவுப் பிழையன்று என்பதே நம் கருத்து. பாடநூல்களும் மேடைப் பேச்சுகளும், ஆய்வாளராகிய நாமுமே அவரிடம் சேர்த்த ஒரு சொல்லின் விளைவு அது. 'இன்டெஞ்சர்டு' என்னும் ஆங்கில அடைமொழியை 'ஒப்பந்த' எனப் பெயர்த்து, மலாயாவுக்கு வந்த தோட்டத் தமிழர் அனைவர்க்கும் பொதுவாக நாம் வழங்கிவிட்டோம். அவ்வடைமொழியின் பொருளையும் வழக்கையும் எல்லையையும் ஆராய்ந்து, அது யாருக்கு உரியது, யாருக்கு உரியதன்று என வரையறுக்க இக்கட்டுரை முற்படுகிறது.

பல்லிலிருந்து பிறந்த சொல்

இன்று ஆங்கிலத்திலும் இவ்வடைமொழி அருகியே வழங்குகிறது. வரலாற்று நூல்களுக்கு வெளியே அதனைக் காண்பது அரிது. இதன் வேர் இலத்தீன மொழியில் பல்லைக் குறிக்கும் 'தென்ஸ்' என்னும் சொல். வடமொழியின் 'தந்த' என்பதும் அதே மொழிக்குடும்ப உறவினது. 'தந்தம்' எனத் தமிழிலும் வழங்குவது. ஆக, நம் மாணவர்க்கு இவ்வேர் முற்றிலும் புதியதன்று.

பல்லுக்கும் ஆவணத்திற்கும் என்ன தொடர்பு? இடைக்கால ஐரோப்பாவில் இருவர் உடன்படிக்கை செய்துகொள்ளும்போது, ஒரே தோல் தாளில் அதன் வாசகத்தை இருமுறை எழுதினர். பின்னர் இரண்டு படிகளுக்கும் இடையே பற்கள் போன்ற கோணல் கோட்டில் அத்தாளை வெட்டி, ஆளுக்கு ஒரு பாதியாகக் கொண்டனர். பிற்காலத்தில் வழக்கு எழுந்தால் இரு பாதிகளையும் சேர்த்துப் பார்ப்பர். பற்கள் பொருந்தினால் ஆவணம் மெய், பொருந்தாவிடில் பொய். இவ்வாறு பல்வரிசையாக வெட்டப்பட்ட ஆவணமே 'இன்டெஞ்சர்' எனப் பெயர் பெற்றது.

இங்கு ஒரு நுட்பம் கருதத்தக்கது. இவ்வெட்டு இருதரப்பையும் சமமாகக் காக்க எழுந்தது. வலியவரும் தம்மிடமுள்ள பாதியைத் தம் விருப்பம்போல் திருத்திவிட இயலாது. எளியவரிடமுள்ள மறுபாதி அதனைக் காட்டிக்கொடுத்துவிடும். சொல்லின் பிறப்பில் நிகர்மை இருந்தது என்பதை நாம் நினைவிற் கொள்ளவேண்டும்.

இங்கிலாந்தில் தொழில் பழகுநர்கள் தம் ஆசானிடம் குறித்த ஆண்டுகள் பணிபுரிய இத்தகைய ஆவணத்தாற் கட்டுண்டனர். 1563ஆம் ஆண்டின் கைவினைஞர் சட்டம் அப்பழகுமுறையை நாடு முழுமைக்கும் ஒழுங்குபடுத்தியது. பதினேழாம் நூற்றாண்டில் வர்ஜீனியா முதலிய அமெரிக்கக் குடியேற்றங்களுக்குக் கப்பற் கட்டணம் செலுத்த இயலாத ஆங்கிலேய ஏழையரும் இம்முறையிலேயே சென்றனர். அந்நிலையில்தான் சொல்லின் பொருள் இடம் பெயர்ந்தது. முன்னர்ப் பல்வெட்டு ஆவணத்தின் பண்பாக இருந்தது. பின்னர் அது அவ்வாவணத்தில் கையெழுத்திட்ட மனிதரின் அடைமொழியாயிற்று. தாளின் வெட்டு ஆளின் மேல் ஏறியது எனலாம்.

இதற்கிடையே ஆவணம் தன் பற்களை இழந்தது. ஓர் ஆவணம் தன்னை இன்டெஞ்சர் எனக் கூறிக்கொண்டால் போதும், அது உண்மையிற் பல்லாக வெட்டப்பட்டிருக்க வேண்டுவதில்லை என இங்கிலாந்தின் 1845ஆம் ஆண்டு நிலச்சொத்துச் சட்டம் விதித்தது. மலாயாவுக்கு வந்த இந்திய ஒப்பந்தத் தொழிலாளரைக் கணக்கிடும் வரலாற்றறிஞர் கெர்னியல் சிங் சந்து, 1844ஆம் ஆண்டிலிருந்து தம் கணக்கைத் தொடங்குகிறார். அஃதாவது, இம்முறை மலாயாவில் வேரூன்றத் தொடங்கிய காலத்திலேயே அதன் பெயரிலிருந்த பல் வெறும் நினைவாகிவிட்டது.

இதே வேரிலிருந்து பிறந்த மற்றொரு சொல்லும் இவ்வரலாற்றில் இடம்பெறுகிறது. கடல் கடந்த நாட்டிலிருந்து பண்டங்களைக் கேட்டு அனுப்பும் தேவைப்பட்டியலை ஆங்கில வணிகர் 'இன்டென்ட்' என்றனர். குடியேற்ற அரசுகள் ஆண்டுதோறும் தமக்கு வேண்டிய கூலியாட்களின் எண்ணிக்கையைக் குறித்து இந்தியாவுக்கு அனுப்பிய கோரிக்கைக்கும் அதுவே பெயர். துணிக்கும் இரும்புக்கும் எழுதிய பட்டியலின் பெயரே மனிதருக்கு எழுதிய பட்டியலுக்கும் ஆயிற்று.

தமிழில் ஓலையும் முறியும் துண்டும்

ஆளைக் கட்டும் ஆவணம் தமிழ் மரபுக்குப் புதியதன்று. பெரியபுராணத்தின் தடுத்தாட்கொண்ட புராணத்தில் வரும் ஆளோலை வழக்கு நம் ஆசிரியர் அனைவரும் பயிற்றுவிப்பது. சுந்தரரின் திருமணப் பந்தரில் முதியவராக வந்த இறைவன், சுந்தரரின் பாட்டனார் தாமும் தம் வழியினரும் தமக்கு அடிமை என எழுதிக்கொடுத்ததாக ஓலை காட்டுகிறார். சுந்தரர் அதனைக் கிழித்தெறிகிறார். முதியவரோ, கிழிக்கப்பட்டது படியோலையே. மூல ஓலை தம்மிடம் உள்ளது எனத் திருவெண்ணெய்நல்லூர் அவையில் அதனை எடுத்துவைக்கிறார். பாட்டனாரின் பிற கையெழுத்தோடு ஒப்பிட்டு அவையோர் அதன் மெய்ம்மையைத் துணிகின்றனர்.

ஐரோப்பியர் பற்களைப் பொருத்திக் கண்டதை, இங்குக் கையெழுத்தைப் பொருத்திக் கண்டனர். நோக்கம் ஒன்று, வழி வேறு. மேலும் ஒரு வேறுபாடு இன்றியமையாதது. ஆளோலை வழிவழியாகப் பிணிப்பது. இன்டெஞ்சர் குறித்த ஆண்டுகளுக்கு மட்டும் பிணிப்பது. ஆதலின், ஒப்பந்தக் கூலிமுறையை 'அடிமைமுறை' எனச் சொல்லும்போது அதன் கொடுமையை உணர்த்துகிறோமேயன்றி அதன் சட்ட வடிவத்தை உணர்த்துவதில்லை. பிரிட்டிஷ் இந்தியாவில் அடிமைமுறைக்குச் சட்டத்தின் துணையை நீக்கிய சட்டம் 1843இல் இயற்றப்பட்டது. ஒப்பந்தமுறை அதன்பின் பெருகியது. 'புதியதோர் அடிமைமுறை' எனப் பொருள்படும் தலைப்பில் ஹியூ டிங்கர் 1974இல் எழுதிய நூல் அத்தொடர்ச்சியையே வற்புறுத்துகிறது. அவர் தலைப்பில் 'புதிய' என்னும் அடையும் இருப்பதை மறத்தலாகாது.

பத்திரத்தைக் குறிக்கத் தமிழில் 'முறி' என்றொரு சொல் உண்டு. முறித்தலால் உண்டான துண்டு என்பதே அதன் அடிப்படை. இலங்கைத் தமிழில் நிதிப்பத்திரத்தைப் 'பிணைமுறி' என்றும், அரசு வெளியிடும் பத்திரத்தைத் 'திறைசேரி முறி' என்றும் இன்றும் வழங்குவர். ஆங்கிலச் சொல் வெட்டிலிருந்து பிறந்தது. தமிழ்ச்சொல் முறிவிலிருந்து பிறந்தது. இரண்டும் ஒரே வழக்கத்தைச் சுட்டுவன எனத் துணிதல் இயலாதாயினும், இரு மொழிகளும் ஆவணத்தை 'முழுமையின் ஒரு பகுதி' என நோக்கியமை ஒப்புநோக்கற்பாலது.

இலங்கைத் தோட்டங்களில் வழங்கிய 'துண்டு' இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற விரும்பும் தொழிலாளர் கூட்டத்தின் கடன் தொகையைக் குறித்துத் தோட்டத்துரை கொடுத்த சீட்டே துண்டு. புதிய துரை அத்தொகையைச் செலுத்தினால்தான் அவர்கள் அங்குச் செல்லலாம். இத்தமிழ்ச்சொல் அவ்வாறே ஆங்கில ஆட்சி வழக்கிலும் ஏறியது. 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் இம்முறை ஒழிக்கப்பட்டது. பல்வெட்டு ஆவணம் இன்றியும், ஒப்பந்தம் என்னும் பெயர் இன்றியும் ஒரு சிறு துண்டு மனிதரைப் பிணிக்க இயலும் என்பதற்கு இது சான்று. இக்கருத்து மலாயாக் கங்காணி முறையை நோக்கும்போது மீண்டும் பயன்படும்.

மலாயாவில் சட்டம் ஏந்திய பல்

மலாயாவில் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர் பெரும்பாலும் வெல்லஸ்லி மாநிலத்தின், அஃதாவது இன்றைய செபராங் பிறையின், கரும்புத் தோட்டங்களுக்கே கொண்டுவரப்பட்டனர். தென்னிந்தியாவின் தரகர்கள் ஆள் திரட்டினர். பயணச் செலவைத் தோட்டத்துரை முன்பணமாகத் தந்தார். தொழிலாளி குறித்த காலம் குறித்த கூலிக்கு அத்தோட்டத்திலேயே உழைக்க ஒப்பினார். நீரிணைக் குடியேற்றங்களில் 1876ஆம் ஆண்டிலும், இந்தியாவில் 1877ஆம் ஆண்டிலும் இதற்கெனச் சட்டங்கள் இயற்றப்பட்டன. 1884ஆம் ஆண்டுச் சட்டம் முறையை மேலும் வகுத்தது. இச்சட்டங்களின்கீழ் எழுத்து ஒப்பந்தத்தில் வந்தோரை அரசு அறிக்கைகள் 'ஸ்டாட்யூட்' தொழிலாளர், அஃதாவது சட்டவழித் தொழிலாளர், எனக் குறித்தன.

இவ்வடைமொழியின் உண்மைப் பொருள் யாது? ஒப்பந்தம் என்பது இருவர் ஒத்துக்கொள்வது. ஒருவர் மீறினால் மற்றவர் இழப்பீடு கேட்கலாம். அது குடியியல் வழக்கு. சட்டவழித் தொழிலாளியோ வேலைக்கு வர மறுத்தாலும் தோட்டத்தை விட்டு ஓடினாலும் குற்றவாளியாகக் கருதப்பட்டார். தண்டமும் சிறையும் அவருக்கு விதிக்கப்பட்டன. வேலையை விட்டால் சிறை என்பதே 'இன்டெஞ்சர்டு' என்னும் அடைமொழியின் உட்கிடை. தாளிலிருந்து உதிர்ந்த பல் சட்டத்தில் முளைத்தது.

பிரிட்டனிலும் முன்னர் வேலையை விட்ட தொழிலாளியைச் சிறையிலடைக்க இயன்றது. ஆனால் 1875ஆம் ஆண்டுச் சட்டம் அங்கு அந்நிலையை நீக்கியது. அதற்கு மறு ஆண்டில்தான் நீரிணைக் குடியேற்றங்களின் மேற்குறித்த சட்டம் இயற்றப்பட்டது. தாய்நாட்டில் பழமையென ஒதுக்கப்பட்ட ஒன்று குடியேற்ற நாட்டில் புதுமையெனப் புகுந்தது. அவ்வடைமொழி ஆங்கிலத்தில் வழக்கொழிந்து வருவதுபோல் தோன்றியும், நம் நிலத்தில் மேலும் ஒரு தலைமுறைக் காலம் உயிரோடிருந்தமைக்கு இதுவே காரணம்.

சந்துவின் மதிப்பீட்டின்படி 1844 முதல் 1910 வரை மலாயாவுக்கு வந்த இந்திய ஒப்பந்தத் தொழிலாளர் ஏறத்தாழ 250,000 பேர். 1910இல் ஆள்திரட்டல் நிறுத்தப்பட்டது. நிலுவையிலிருந்த ஒப்பந்தங்கள் 1913ஆம் ஆண்டளவில் முடிவுற்றன. பிற குடியேற்றங்களுக்கு இம்முறையில் ஆள் அனுப்புவதை இந்திய அரசு 1917இல் நிறுத்தியது. ஆகவே மலாயா பிற நாடுகளுக்கு முன்னரே இதிலிருந்து விலகியது. அதற்கு அறம் மட்டுமே காரணம் என்றல் பொருந்தாது. விரிந்துவந்த இரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்க அதனினும் மலிவான, அதனினும் பெரிய வழியொன்று ஏற்கெனவே கைவந்திருந்தது. அதுவே கங்காணி முறை.

சஞ்சி என்னும் சொல்

கையெழுத்திட்ட மக்கள் தம் நிலையைத் தம் மொழியில் எவ்வாறு குறித்தனர்? பிஜியில் இந்தியர் 'அக்ரிமென்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லைக் 'கிர்மித்' எனத் திரித்து, அதற்குட்பட்டோரைக் 'கிர்மிதியா' என்றனர். மலாயாத் தமிழர் வழங்கியது 'சஞ்சி'. சஞ்சிக்கூலி என்னும் தொடர் இந்நாட்டுத் தமிழ் எழுத்தில் இன்றும் பயில்வது. இச்சொல்லை வாக்குறுதி எனப் பொருள்படும் 'ஜஞ்ஜி' என்னும் மலாய்ச் சொல்லின் திரிபாகக் கொள்ளலாம். ஜகரம் சகரமாதல் தமிழில் இயல்பே.

மூன்று பெயர்களையும் அடுத்தடுத்து வைத்து நோக்குவோம். ஆங்கிலேயர் ஆவணத்தின் வெட்டைக் கண்டனர். பிஜி இந்தியர் உடன்பாட்டைக் கண்டனர். மலாயாத் தமிழர் வாக்கைக் கண்டனர். எழுத்தறியாத ஒருவர் கைநாட்டு வைக்கும்போது அவர் அறிந்தது தாளின் வாசகமன்று. தம் வாயால் 'சரி' என்றதும், தரகர் தம் காதில் ஓதிய உறுதியுமே. அந்நிலையைச் 'சஞ்சி' என்னும் சொல் துல்லியமாகக் காட்டுகிறது.

'கூலி' என்னும் சொல்லுக்கு நேர்ந்ததையும் இங்குக் கூறவேண்டும். தமிழிற் கூலி என்பது உழைப்புக்குரிய ஊதியம். உழைப்பவரைக் கூலியாள் என்போம். ஆங்கில ஆட்சி வழக்கிலோ கூலி என்பதே ஆளைக் குறித்தது. வெட்டு ஆவணத்தின் பண்பு ஆளின் பண்பாயிற்று. ஊதியத்தின் பெயர் ஆளின் பெயராயிற்று. இவ்விரு மாற்றங்களும் இணைந்த தொடரையே நாம் 'ஒப்பந்தக் கூலி' எனத் தமிழாக்கி நம் முன்னோர்க்குச் சூட்டியுள்ளோம்.

'ஒப்பந்த' என்னும் பெயர்ப்பில் மேலும் ஒரு குறை உண்டு. அச்சொல் இன்று குத்தகைப் பணி, தற்காலிக ஆசிரியப் பணி, கட்டுமானப் பணி எனப் பலவற்றுக்கும் அடையாக வருகிறது. 'ஒப்பந்த ஆசிரியர்' என்பதையும் 'ஒப்பந்தக் கூலி' என்பதையும் ஒருங்கே கேட்கும் மாணவர், இரண்டிலும் அச்சொல் ஒரே பொருளது எனக் கருதுதல் இயல்பே. சிறை என்னும் உட்கிடை அங்கு மறைந்தொழிகிறது.

கங்காணி ஆளும் 'சுதந்திர' அடைமொழியும்

கண்காணி என்னும் தமிழ்ச்சொல்லே கங்காணியாகி, பின்னர் ஆங்கிலச் சட்டத்திலும் ஏறியது. இலங்கையில் காப்பி பயிரிட்டுப் பழகிய துரைமார் வழியாக இம்முறை மலாயாவுக்கு வந்தது. தோட்டத்தில் வேலைசெய்யும் நம்பிக்கைக்குரிய ஒருவரைத் துரை ஊருக்கு அனுப்புவார். அவர் தம் உறவிலும் அண்டையிலும் ஆள் திரட்டி வருவார். நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த முகாம்களில் தங்கிக் கப்பலேறுவோர் பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ கரையிறங்குவர்.

1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டது. இந்தியத் தொழிலாளரை வேலைக்கமர்த்திய துரைமாரிடம் வரி திரட்டி, அதிலிருந்து தொழிலாளரின் பயணச் செலவை ஏற்பது அதன் பணி. இதனால் வந்திறங்கும் தொழிலாளி சட்டப்படி எவருக்கும் கடனாளி அல்லர். ஒரு மாத அறிவிப்புத் தந்து தோட்டத்தை விட்டு விலகலாம். ஆகவே அரசு அறிக்கைகள் அவரைக் கட்டற்ற தொழிலாளர் என்றும், செலவு ஏற்கப்பட்டு வந்ததால் உதவிபெற்ற குடியேறியர் என்றும் எழுதின. 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டமும் கூலிவேலைக்கான உடன்படிக்கையிற் செல்வோர், உதவிபெற்றுச் செல்வோர் என இரு வகையாரையும் தன் வரையறையிற் கொண்டது. 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற உடலுழைப்புத் தொழிலாளர் மலாயா செல்வதைத் தடைசெய்யும் வரை இவ்வழியே முதன்மையாக இருந்தது. சந்துவின் கணக்கில் கங்காணி வழி வந்தோர் சஞ்சியில் வந்தோரினும் பன்மடங்கு மிகுதியானவர்.

'கட்டற்ற' என்னும் இவ்வடைமொழியும் ஆராயப்படவேண்டியதே. கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. தம் கீழுள்ள ஆட்கள் எத்தனைபேர் பிரட்டுக்கு நின்று வேலைக்குப் போகிறார்களோ அதற்கேற்ப அவர் வருவாய் பெருகும். ஆகவே ஆள் தோட்டத்தை விட்டுப் போகாதிருத்தல் அவர்தம் நலன். தோட்டக் கடையில் பற்று, திருமணத்திற்கும் ஈமச்சடங்கிற்கும் வாங்கிய கடன், கங்காணி உறவினராகவும் ஊர்ப் பெரியவராகவும் இருப்பதால் எழும் கடப்பாடு ஆகியன சேர்ந்து, சட்டம் தந்த ஒரு மாத அறிவிப்பு உரிமையைப் பெரிதும் ஏட்டுரிமையாக்கின. சஞ்சிக்கூலி ஓடினால் காவலர் தேடினர். கங்காணி ஆள் விலக நினைத்தால் உறவும் கடனும் தடுத்தன. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தக் கோரிக்கைகளுள், வெள்ளையரைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கவேண்டும் என்னும் வழக்கம் ஒழிக்கப்படவேண்டும் என்பதும் ஒன்று. சட்டத்தின் கண்ணில் இவர்கள் கட்டற்றவர்கள் என்பதை இதனோடு சேர்த்து எண்ணவேண்டும்.

எனவே நம் முன் இரண்டு பிழைகள் உள. எல்லாரையும் 'ஒப்பந்தக் கூலி' எனல் ஒன்று. 1910க்குப்பின் வந்தோர் 'கட்டற்றவர்' என ஆட்சியாளர் எழுதியதை அவ்வாறே ஏற்றல் மற்றொன்று. முதற்பிழையைத் திருத்தப் புகுந்து இரண்டாவதில் வீழ்தல் கூடாது.

சி ரூசாவின் சான்று

சுங்கை ஊஜோங்கில் 1874இல் ஆங்கிலேயர் செல்வாக்கு நிலைபெற்றது. 1891இல் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே இரும்புப்பாதை திறக்கப்பட்டது. அக்காலத்தில் காப்பித் தோட்டங்கள் இருந்தன. 1890களின் பிற்பகுதியில் காப்பி விலை வீழவே, தோட்டத்துரைமார் இரப்பருக்கு மாறினர். இரப்பர்த் தோட்டங்கள் பெருகிய காலமும் சஞ்சிமுறை ஒழிந்த காலமும் ஏறத்தாழ ஒன்றே. ஆதலின் சி ரூசாப் பகுதிக் குடும்பம் ஒன்றின் முன்னோர் 1913க்குப்பின் வந்தவராயின், அவர் சஞ்சிக்கூலி அல்லர் எனத் துணியலாம். அதற்கு முன் வந்தவராயின், இரு வழிகளுள் எதுவும் இருந்திருக்கலாம், தனித்தனியே ஆராயவேண்டும்.

இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சியன்று. மொரிசியசில் ஒப்பந்தத் தொழிலாளரின் பதிவேடுகள் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பாதுகாக்கப்படுகின்றன. வழித்தோன்றல்கள் அங்குத் தம் முன்னோர் பெயரைத் தேடுகின்றனர். இச்செய்தியை அறிந்த நம் இளைஞர் சிலர், தம் பாட்டனாரின் ஒப்பந்தத்தாளை எங்குக் காணலாம் என நம்மிடம் கேட்பதுண்டு. பாட்டனார் கங்காணியோடு வந்தவராயின் அத்தாள் கிடைக்காது. தொலைந்துபோனதால் அன்று, எழுதப்படாததால். தவறான அடைமொழி தவறான தேடலுக்கு இட்டுச்செல்கிறது. அவர்கள் நாடவேண்டியவை வேறு: தோட்டத்துச் செக்ரோல், தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, தோட்டப் பெயர் குறிக்கப்பட்ட பிறப்புச் சான்றிதழ், குடியுரிமை விண்ணப்பம், கோயில் கணக்கேடு. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் குடியிருப்புகள் கலைந்தும் வருவதால் இவை விரைந்து அழிந்து வருகின்றன.

மேற்குறித்த மூதாட்டியிடம் நாம் மீண்டும் சென்றோம். 'ஒப்பந்தக் கூலி' என்னும் சொல்லைத் தம் தந்தையார் சொல்லிக் கேட்டதுண்டா என வினவினோம். சற்று எண்ணிப் பார்த்து, "அப்பா அப்படிச் சொன்னதில்ல. பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல படிச்சிட்டு வந்து சொன்னதுதான். அப்பா, கங்காணி இட்டாந்தாரு, கங்காணி கடன்ல பாதி வயசு போச்சுன்னுதான் சொல்லுவாரு" என்றார். வரலாற்று நூல்களினும் தெளிவான சான்று அவர் நினைவிலேயே இருந்தது. நாம் கொடுத்த சொல் அதனை மூடியிருந்தது.

முடிவுரை

'இன்டெஞ்சர்டு' என்னும் அடைமொழி இருதரப்பையும் நிகராகக் காத்த ஒரு வெட்டில் பிறந்து, ஒருதரப்பை மட்டும் சிறைக்கு அனுப்பும் சட்டமாகி, மலாயாவில் இந்தியரைப் பொறுத்தவரை 1913ஆம் ஆண்டளவில் வழக்கிழந்தது. அதற்கு நேரான தமிழ்ச்சொல் நம் மக்களே ஆக்கிக்கொண்ட 'சஞ்சிக்கூலி'. கங்காணி வழி வந்தோர்க்குக் 'கங்காணி ஆள்' என்பதே பொருந்தும். ஆய்வேடுகளிலும் பாடக் குறிப்புகளிலும் இவ்விரண்டையும் வேறுபடுத்தி ஆளுதல் வேண்டும் என்பது நம் பரிந்துரை. 'ஒப்பந்தக் கூலி' என்பதை வழங்க நேரின், காலவரம்பைச் சுட்டி வழங்குதல் நன்று.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள். குடும்ப வரலாறு எழுதுமாறு மாணவரைப் பணிக்கும்போது, 'உன் முன்னோர் ஒப்பந்தக் கூலியாக எப்போது வந்தனர்?' எனக் கேளாது, 'உன் முன்னோர் எந்த ஆண்டில், யாரோடு, எந்தக் கப்பலில் வந்ததாக வீட்டில் சொல்வார்கள்?' எனக் கேளுங்கள். முதல் வினாவில் விடை முன்னரே அடங்கிவிடுகிறது. இரண்டாம் வினாவுக்கு விடை சொல்லக்கூடிய முதியோர் சி ரூசாவிலும் பிற தோட்டங்களிலும் இன்னும் சிலரே எஞ்சியுள்ளனர்.